கையில் பச்சை தெரிந்தால் வேலை கிடைக்குமா? மலையகத் தம்பி ஒருவருக்குப் பதில்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டார். ஹோட்டல் வேலை, இல்லாவிட்டால் வெளிநாடு என்று யோசனை. வலது முன்கையில் வேலும், கழுத்தின் பக்கவாட்டில் அம்மாவின் பெயரும் பச்சை குத்திக்கொள்ள ஆசை. "வேலைக்கு இடைஞ்சலா அக்கா? ஊர்ல என்னா சொல்லுவாங்க? அம்மா இப்பவே அழுவுறாங்க" என்று எழுதியிருக்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. கழுத்து வேண்டவே வேண்டாம். வேல் படத்தைத் தோளுக்கு ஏற்றிவிடுங்கள். எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று தெரியும்வரை ஊசிக்குக் கை நீட்டாதீர்கள். பொறுமை இருந்தால் காரணத்தையும் படியுங்கள்.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). இன்டர்வியூ மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள் என்பதால் அங்கே நடப்பதை அப்படியே சொல்ல முடியும்.

ரெஸ்டோரண்ட் வேலைக்கு ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது கையைத்தான். நகம் வெட்டியிருக்கிறதா, புண் இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று. தட்டை மேசையில் வைக்கும்போது விருந்தினர் கண்ணில் படுவது முகத்தைவிட விரலும் புறங்கையும் அல்லவா? அதனால் விரல், புறங்கை, மணிக்கட்டு இந்த மூன்றிலும் பச்சை இருந்தால் முன்பக்க வேலைகள் ஏறக்குறைய மூடிவிடும். வரவேற்பு மேசை, உணவு பரிமாறல், விருந்தினரை அழைத்துப் போகும் வேலை எல்லாம் இதில் அடங்கும். கழுத்தும் அப்படித்தான். எந்தக் காலர் போட்டாலும் மறையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "கெஸ்ட் முகம் சுளிப்பாங்க" என்பதுதான் மேனேஜர்மார் சொல்லும் காரணம். ஆனால் நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பச்சை இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கும். முகம் சுளிப்பவர்கள் அவர்களில்லை. கொழும்பிலிருந்து ஏப்ரல் வசந்தகாலத்துக்கு வரும் குடும்பங்கள், கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்பவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளிமாரின் சொந்த ரசனை, இவைதான் முடிவு செய்கின்றன. டை கட்டாமல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாத கிளப் இன்னும் இருக்கிற ஊர் இது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் தாத்தா காலத்துச் சட்டம் இங்கேயே தங்கிவிட்டது.

சமையலறைக் கதை வேறு. அங்கே செஃப்மாரின் முன்கையில் கத்தி, மீன், மிளகாய் என்று என்னென்னவோ பார்த்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. கையின் வேகத்தையும் நாக்கின் நிதானத்தையும் மட்டும் பார்ப்பார்கள். பேக்கரி, லாண்டரி, பராமரிப்பு வேலைகளுக்கும் அப்படியே. எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் போனால் முன்பக்கத்திலும் பச்சைக்கு மரியாதைதான். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் பையன்களும் பெண்களும் உட்காரும் கஃபேக்களில், கை நிறைய டாட்டூ போட்ட நம் பையனோடு அவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். சலூன், ஜிம், மலையேற்ற வழிகாட்டி வேலைகளிலும் அது விளம்பரம் மாதிரி.

ஒன்றை மட்டும் கணக்குப் பாருங்கள். பச்சையைக் கண்டுகொள்ளாத சின்ன இடங்கள் பலவற்றில் நியமனக் கடிதம் கிடையாது, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. முறையான வேலையில் முதலாளி உங்கள் பெயரில் ஈபிஎஃப்புக்கு 12 வீதமும் ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். சீசன் விழுந்தால் கஃபேக்காரர் "மச்சான், பிறகு கூப்பிடுறேன்" என்பார். அப்போது நீங்கள் மறுபடி ஏறி வரும் படி என் மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் படிதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். ஒரே மாதிரி டாட்டூ, ஒரே இடத்தில், இரண்டு பையன்கள். ஒருவர் கொழும்பில் பெயர்பெற்ற பாடசாலை, ஆங்கிலம் சரளம். மற்றவரின் விண்ணப்பத்தில் விலாசமே தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். முதலாமவரின் டாட்டூ "ஸ்டைல்". இரண்டாமவருடையது "ரவுடி மாதிரி". நான் உட்கார்ந்திருந்த அறையிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் கெட்டவர்களும் இல்லை. விலாசத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு மார்க் குறைத்துவிடுகிறார்கள். பச்சை அந்தக் குறைத்த மார்க்குக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறது. அதனால்தான் கொழும்புப் பையன் செய்வதை நீங்களும் செய்தால் ஒரே விலைதான் என்று நினைக்க வேண்டாம் என்கிறேன். நமக்கு விலை கூட. அநியாயம்தான். ஆனால் நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகிறவர் நீங்கள்.

நாட்டின் காற்றும் இதற்குச் சாதகமாக இல்லை. 2024 ஜூலை 8 அன்று அத்துருகிரியவில் ஒரு டாட்டூ கடைத் திறப்பு விழாவில் புகுந்து சுட்டு, கிளப் வசந்த என்ற வர்த்தகரைக் கொன்றார்கள். டிவியில் நாள் கணக்காக அதே காட்சி. பாதாள உலகம், போதைப்பொருள், டாட்டூ மூன்றும் பல பெரியவர்களின் மனதில் ஒரே முடிச்சாகிப் போயின. 2023 டிசம்பரில் தொடங்கிய, போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய என்ற பொலிஸ் சுற்றிவளைப்புக் காலத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்ற எத்தனை அம்மாமார் தங்கள் பிள்ளையின் கையைப் பார்த்துப் பயந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹோட்டலுக்கு வெளியே உள்ள வேலைகளுக்கு வருகிறேன். வங்கி, காப்புறுதி, நிதி நிறுவனங்களில் ஆண்களுக்கு நீளக் கைச் சட்டை. அங்கே முன்கையில் இருக்கும் வேல் ஓய்வூதியம்வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். அதே வங்கியில் அதே மேசையில் ஒரு தங்கச்சி வேலை செய்தால் அவருக்குச் சேலை. ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். முன்கை, பின்கழுத்து, முதுகின் மேற்பகுதி, இடுப்பு எல்லாம் வெளியே. உடை வழக்கத்தாலேயே பெண்ணுக்குப் பச்சை குத்த மறைவான இடம் பாதியாகிவிடுகிறது. ஆசிரியைகளுக்கும் இதே கதை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதில் வசதியான உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடு முழுக்க என்ன சத்தம் போட்டது என்று நினைவிருக்கும். உடைக்கே அந்தப் பாடு என்றால், கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போகக் கனவு காணும் தங்கச்சிமார் மணிக்கட்டில் ஒன்றும் போடாமல் இருப்பது நல்லது. இதை வாசிக்கும் பெண் பிள்ளைகளுக்காகச் சொன்னேன்.

பொலிஸ், முப்படை என்றால் மறைப்பதற்கு வழியே இல்லை. மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றித்தான் பார்ப்பார்கள். வர்த்தமானி அறிவித்தலைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாடு பற்றி நீங்கள் தனியாகக் கேட்டதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது முயற்சி செய்கிறார்கள். எமிரேட்ஸில் சீருடை போட்டபின் தெரியும் பச்சை கூடாது. மேக்கப் பூசியோ பிளாஸ்டர் ஒட்டியோ மறைப்பதையும் ஏற்பதில்லை. மறுபக்கம் ஏர் நியூசிலாந்து 2019இலும் வேர்ஜின் அட்லாண்டிக் 2022இலும் தெரியும் டாட்டூக்களை அனுமதித்துவிட்டன. உலகம் இளகுகிறது என்பது சரிதான். ஆனால் ஹட்டனிலிருந்து ஆள் எடுப்பது நியூசிலாந்து விமானம் இல்லையே. நமக்கு வாசல் டுபாயும் கட்டாரும்தான்.

ஜப்பான், கொரியா இரண்டிலும் பச்சை என்றால் பழைய ஆட்களுக்குக் குண்டர் கும்பல் ஞாபகம் வரும். ஜப்பானில் பொதுக் குளியல் இடங்கள் பலவற்றில் இன்றும் உள்ளே விட மாட்டார்கள். கொரியாவில் டாக்டர் அல்லாதவர் பச்சை குத்துவதே 1992 தீர்ப்புக்குப் பின் குற்றமாக இருந்தது. 2025இல்தான் பாராளுமன்றம் அதை மாற்றச் சட்டம் இயற்றியது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். நீங்கள் குளிப்பாட்டப் போவது அந்தப் பழைய ஆட்களைத்தான்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டியது தோலில் தெரியும் படத்தைவிடக் குத்திய ஊசிக்காக. போகுமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி மூன்றுக்கும் இரத்தம் எடுப்பார்கள். ஒன்று இருந்தாலும் "அன்ஃபிட்". ஏஜென்சிக்குக் கட்டிய காசு, அடகு வைத்த நகை எல்லாம் அந்த ஒரு தாளில் போய்விடும். இந்த மூன்றும் சுத்தமில்லாத ஊசியால் பரவக்கூடியவை. 2003இலிருந்து நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் வயதுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மெஷினையும் ஒரு மை டப்பாவையும் வைத்துக்கொண்டு வரிசையாகக் குத்துகிறவரிடம் கையை நீட்டுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசித்துப் பாருங்கள். குத்துவதென்றால் உங்கள் கண் முன்னால் புது ஊசியைப் பொதியிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். மையை உங்களுக்கென்று தனி மூடியில் ஊற்றச் சொல்லுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, அடைமழைக் காலத்தில் வேண்டாம். இரண்டு மூன்று கிழமைக்காவது அந்த இடம் ஊறாமல் இருக்க வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஜூன், ஜூலையில் அது நடக்கிற காரியமா?

இனி உங்கள் அம்மா.

என் அம்மாயிக்கு இரண்டு முன்கையிலும் பச்சை இருந்தது. ஒரு கோலம், ஒரு தேள், தாடையில் மூன்று புள்ளி. சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் கூடவே கொண்டு வந்த வழக்கம் அது. அங்கே குறவர் பெண்கள்தான் குத்துவார்கள். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் சுட்டுக் கரியாக்கித் தாய்ப்பாலில் குழைப்பார்களாம். செத்தால் நகை கூட வராது, பச்சை மட்டும் கூட வரும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. கூடை சுமந்த கையில் பச்சை இருந்ததைப் பற்றிக் கங்காணியோ துரையோ ஒரு வார்த்தை பேசவில்லை. கொழுந்தின் நிறையைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் அதே அம்மாயி குடியுரிமைக் காகித விஷயமாக நுவரெலியா கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) போகும்போது முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் "தோட்டக்காட்டான்" (தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் பெயர்) என்று ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். அடுத்த தலைமுறை ஊசியைத் தொடவே இல்லை. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபின் படித்து வந்தவர்கள், வாத்தியார் வேலை, கிளார்க் வேலை என்று ஒவ்வொரு படியாக ஏறியவர்கள், தங்கள் உடம்பில் லயத்தின் அடையாளம் எதுவும் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, வெறுமையான கை. உங்கள் அம்மா அழுவது சாமி குத்தம் என்பதற்காக இருக்காது தம்பி. மகனை வெள்ளைச் சட்டையில் பார்க்க அவர் கட்டிய சீட்டுக் காசு, போட்ட ஓவர்டைம் எல்லாம் அந்த அழுகைக்குள் இருக்கிறது. அவரிடம் "இப்ப ஃபேஷன்மா" என்று சொன்னால் எடுபடாது. "வேலை கிடைச்ச பிறகு, சட்டைக்குள்ள இருக்கிற இடத்துல" என்று சொல்லிப் பாருங்கள். அழுகை பாதியாகக் குறையும்.

கோயிலைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மாரியம்மன் திருவிழாவில் அலகு குத்திக்கொண்டு, பறவைக் காவடியில் முதுகில் கொக்கி மாட்டித் தொங்குகிற சமூகம் ஒரு வேல் படத்தைப் பார்த்துக் கோபப்படாது. காமன் கூத்தில் வேடம் கட்டும் பையன்களில் தோளில் சிவன் இல்லாதவர் குறைவு. இடுப்புக்குக் கீழே சாமி படம் போடாதீர்கள், அவ்வளவுதான். கிறிஸ்தவ சபைக்குப் போகும் வீடுகளில் லேவியராகமம் 19:28ஐ எடுத்துக் காட்டுவார்கள். அங்கே போதகரோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

புத்தர் படம் மட்டும் எங்கேயும் போடாதீர்கள், அழகுக்காகக்கூட. 2014 ஏப்ரலில் நவோமி கோல்மன் என்ற பிரிட்டிஷ் தாதியைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்து நாடு கடத்தினார்கள். வலது கையில் தாமரையில் அமர்ந்த புத்தர், அதுதான் விஷயம். 2017இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழக்குச் செலவுமாக 8 லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கே நீதி வர மூன்று வருடத்துக்கு மேல். சிங்கள அயலவரோடு கடையும் பஸ்ஸும் பகிர்ந்து வாழும் நமக்கு அந்த வம்பு தேவையில்லை.

கல்யாணப் பேச்சில் ஆண் பிள்ளைக்குத் தோளில் ஒரு வேல் பெரிய தடையே இல்லை. பெண் பிள்ளைக்கு மணிக்கட்டில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி இருந்தாலே தரகர் வாயில் ஒரு கதை முளைக்கும். ஆணோ பெண்ணோ, காதலிப்பவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அதை மறைக்க மேலே ரோஜாப்பூ குத்திக்கொண்டவர்கள் எங்கள் ஹோட்டலிலேயே இருக்கிறார்கள். ரோஜாவுக்குள் பெயர் இன்னும் வாசிக்க முடிகிறது.

சட்டம் காப்பாற்றுமா என்று சிலர் கேட்பார்கள். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று எண்ணிச் சொல்கிறது. தோற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு அது அரசின் செயலுக்கு எதிரானது. தனியார் முதலாளி உங்களை எடுக்கவே இல்லை என்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வேலையில் இருக்கும்போது இதைக் காரணம் காட்டி நீக்கினால் நிலைமை வேறு. ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் வழக்கு இலகு. எல்ல கஃபேயைப் பற்றி மேலே ஏன் அவ்வளவு சொன்னேன் என்று இப்போது புரியும்.

அழித்துவிடலாம் என்ற தைரியத்தில் குத்தாதீர்கள். லேசர் இருக்கிறது. கறுப்பு மை ஓரளவு போகும். பச்சை, இளநீலம், மஞ்சள் நிறங்கள் பிடிவாதம் பிடிக்கும். கிழமைக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும், குத்திய காசைப் போலப் பல மடங்கு செலவாகும். நம் கறுத்த தோலில் வெள்ளைத் திட்டோ தடித்த தழும்போ விழும் வாய்ப்பும் உண்டு. 1064 நானோமீட்டர் அலைநீள லேசர்தான் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது என்பதால் போகும் இடத்தில் அதைக் கேளுங்கள், தோல் டாக்டரிடமே போங்கள். சுண்ணாம்பு, அசிட், உப்பு வைத்துத் தேய்ப்பது என்று எதையாவது செய்து வெந்த கையோடு இன்டர்வியூவுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டாட்டூ இருந்திருந்தால் ஒரு கேள்வியோடு போயிருக்கும். தழும்பைப் பார்த்து ஒன்பது கேள்வி கேட்டார்கள்.

ஏற்கெனவே குத்திக்கொண்டவர்கள் இதை வாசித்தால், ஒளிக்க வேண்டாம். ஒருவர் நீளக் கைச் சட்டையில் வந்து தேறிவிட்டார். சீருடைக்கு அளவெடுக்கும் நாளில் அரைக் கைச் சட்டையைப் போட்டதும் முழங்கைவரை டிராகன். மேலிடத்தில் கோபப்பட்டது டிராகனுக்காக இல்லை, சொல்லாததற்காக. இன்டர்வியூ முடிவில் நீங்களே சொல்லிவிடுங்கள்: "கையில ஒரு டாட்டூ இருக்கு சேர், வேலை நேரத்துல மறைச்சுக்கிறேன்." நேராகச் சொன்ன பிள்ளைகளுக்காக நான் வாதாடி எடுத்ததும் உண்டு.

தம்பி, உங்கள் விஷயத்துக்கு வந்தால், இலங்கை சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கிளைகள் இருக்கின்றன. முதலில் எந்தப் பாடநெறி என்று முடிவெடுங்கள். வரவேற்பு, உணவு பரிமாறல் என்றால் தோளுக்கே போய்விடுங்கள். சமையல் என்றால் பயிற்சி முடிந்த பிறகு எனக்கு ஒருமுறை எழுதுங்கள். முன்கைக்கு நான் அவ்வளவு மறுப்புச் சொல்ல மாட்டேன். கழுத்துக்கு அப்போதும் மறுப்புத்தான்.